4.10 என்றால் நாலடி பத்தங்குலமா? வீட்டு வேலையில் அடியா, மில்லிமீட்டரா?

கணக்கு டீச்சர், திருவாரூர்

எல்லோருக்கும் வணக்கம். ஊரில் சொந்த வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலையில் இருப்பதால் மேற்பார்வை என் பொறுப்பு. பள்ளிக்கூடம் போகும் முன் ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை சைட்டுக்குப் போய்விடுவேன். இப்போது பூச்சு வேலை நடக்கிறது.

போன வாரம் அடுக்களை ஜன்னலுக்கு யு.பி.வி.சி. (கெட்டி பிளாஸ்டிக்) ஆர்டர் கொடுக்க வேண்டியிருந்தது. மேஸ்திரி டேப்பை வைத்து அளந்து, சுவரிலேயே சாக்பீஸால் "4.10 x 4" என்று எழுதினார். நான் அதைப் போட்டோ எடுத்துப் பட்டறைக்கு அனுப்பினேன். அவர்கள் எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் செய்கிறவர்கள். 4.10ஐ 304.8ஆல் பெருக்கி 1250 மி.மீ. என்று எடுத்துக்கொண்டார்கள். மேஸ்திரி எழுதியதோ நாலடி பத்தங்குலம், அதாவது 1473 மி.மீ. ஜன்னல் வந்து இறங்கியது. திறப்பில் தூக்கி வைத்தால் பக்கவாட்டில் முழுசாக ஒரு செங்கல் நீளத்துக்குக் கொல்லைப்புறம் தெரிகிறது.

சொன்ன அளவுக்குச் செய்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறது பட்டறை. மேஸ்திரி, "முப்பது வருஷமா இப்படித்தான் எழுதுறேன் டீச்சர், ஒருத்தரும் கேட்டதில்ல" என்கிறார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பணம் மட்டும் எங்களுடையது.

நான் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பத்தால் பெருக்கு, பத்தால் வகு, புள்ளியை நகர்த்து என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால், சைட்டில் என் காதில் விழுவதெல்லாம் அடி, அங்குலம், நூல். இந்தியாவில் மெட்ரிக் சட்டம் வந்தது 1956இல். 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரிலிருந்து எடைக்கல்லும் மாற ஆரம்பித்தது. என் பாட்டி வெல்லத்தை வீசைக் கணக்கில் வாங்கியவர். இன்று கடையில் வீசை என்று கேட்டால் பொட்டலம் மடிக்கும் பையனுக்குப் புரியாது. கிலோவும் லிட்டரும் இவ்வளவு இயல்பாக வந்துவிட்ட ஊரில், வீடு மட்டும் ஏன் இன்னும் அடியிலேயே நிற்கிறது?

அடுத்து கதவு, டைல்ஸ், மாடுலர் கிச்சன் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. சைட்டில் இனி மில்லிமீட்டர் மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடலாமா? வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தளத்துப் பொறியாளர், திருச்சி

டீச்சர், உங்கள் ஜன்னலைக் கெடுத்தது அடியும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. நடுவில் வைத்த அந்தப் புள்ளி. சைட்டில் 22 வருஷமாக இருக்கிறேன், இந்த ஒரு புள்ளியால் வந்த சண்டைகளை எண்ண முடியாது. அடிக்கு 12 அங்குலம். 4.10 என்று எழுதினால் அது நாலடி பத்தங்குலமா, நாலேகால் அடிக்கும் குறைவா என்று எழுதியவருக்குத்தான் தெரியும். 4.1 என்று வேறு எழுதுவார்கள், அது நாலடி ஒரு அங்குலம்! அடிக்கு ஒற்றைக்கோடு, அங்குலத்துக்கு இரட்டைக்கோடு போட்டு, நடுவில் ஒரு சிறு கோடு இழுத்து எழுதச் சொல்லுங்கள். அது கைக்கு வராவிட்டால் "4 அடி 10" என்று எழுத்தில் எழுதட்டும்.

எங்கள் கம்பி வரைபடங்களில் எல்லாமே மில்லிமீட்டர்தான். புள்ளியே வராது, அதுதான் அதன் பெரிய பலம். 1473 என்று எழுதினால் வேறு மாதிரி படிக்க வழியில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் ஒரே பிடிவாதம் வேண்டாம். வரைபடத்தில் வளையக் கம்பி 150 மி.மீ. இடைவெளி என்றிருக்கும். கம்பி கட்டுகிறவர் ஆறு அங்குலம் என்று கட்டுவார். வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை, தாராளமாக விடலாம். "மூணு நூல் கம்பி" என்று அவர் கேட்டால் 10 மி.மீ. கம்பி என்று எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு நூல் ஒரு அங்குலம், மூன்று நூல் 9.5 மி.மீ.; கடையில் கிடைப்பது 10தான்.

விடக்கூடாத இடங்கள் வேறு. பக்கத்தில் ஒரு மீட்டர் காலியிடம் விடணும் என்று அனுமதி வரைபடத்தில் இருக்கும். மூன்றடி விட்டால் போதும் என்று அஸ்திவாரம் தோண்டிவிடுவார்கள். மூன்றடி 914 மி.மீ.தான். 86 மி.மீ. குறைந்துபோய்விட்டது, சுவர் எழும்பின பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

டைல்ஸ் இன்னொன்று. கடையில் இரண்டுக்கு இரண்டு என்பார்கள். பெட்டியில் 600 x 600 என்று அச்சடித்திருக்கும். இரண்டடி என்பது 609.6. ஒரு டைலுக்குப் பத்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பூச்சு முடிந்து உள்ளளவு சரியாகப் பதினாறடி இருக்கிற ஹாலில் எட்டு டைல் போட்டுப் பாருங்கள். நடுவில் 2 மி.மீ. இடைவெளி விட்டால்கூட 4814தான் வரும். ஹாலோ 4877. கடைசியில் சுவரோரம் இரண்டரை அங்குலத்துக்கு ஒரு கீற்று. அதற்கு ஒரு முழு டைலை வெட்டணும், வெட்டும்போது பாதி உடையும். ஒட்ட ஆரம்பிக்கும் முன் ஒரு வரிசையைச் சும்மா அடுக்கிப் பார்த்து, மீதியை இரண்டு பக்கமும் பகிர்ந்து வைக்கச் சொல்லுங்கள்.

கொத்தனார் மகன், மன்னார்குடி

டீச்சருக்கு வணக்கம். உங்கள் மேஸ்திரியை மில்லிமீட்டருக்கு மாறச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். என் அப்பா நாற்பது வருஷம் கரண்டி பிடித்தவர். ஒரு பெரிய வேலையில் இன்ஜினியர் எல்லாம் மில்லிமீட்டரில் சொல்லணும் என்றார். சாரத்தில் நிற்பவர் மேலிருந்து "ஆயிரத்து நூத்தம்பது" என்று கத்துவார். கீழே பலகை அறுப்பவர் காதில் "ஆயிரத்து ஐநூத்திப் பத்து" என்று விழும். அடியில் சொல்லும்போது தப்பாகக் காதில் விழுந்தாலும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், ஏனென்றால் மூன்றடி எவ்வளவு, அஞ்சடி எவ்வளவு என்று பார்த்ததுமே தெரியும். செங்கல்லைக் கையில் எடுத்தாலே ஒரு சாண், ஒன்பது அங்குலம். அப்பா சுவரைத் தூரத்தில் நின்று பார்த்தே "அரை அங்குலம் வெளிய போயிருக்கு" என்பார். தூக்குக்குண்டு விட்டால் சரியாக இருக்கும். அந்தக் கண் அடியில் பழகின கண்.

இன்னொரு காரணமும் உண்டு. மனையடி பார்க்கிற வீட்டில் அறையின் உள்ளளவு பத்தடி, பதினோரடி நல்லது, பன்னிரண்டும் பதின்மூன்றும் ஆகாது என்பார்கள். அதை மீட்டரில் சொல்லி ஒரு தாத்தாவைச் சம்மதிக்க வைக்க முடியுமா? நிலம், வீடு எல்லாம் சதுர அடிக் கணக்கில்தான் கைமாறுகிறது. நீங்கள் கேட்ட வெல்லம் ஒரு மாசத்தில் தீர்ந்துவிடும், அடுத்ததைக் கிலோவில் வாங்கலாம். வீடு அப்படி இல்லை. அறுபது வருஷத்துக்கு முன் அடியில் வைத்த நிலைக்கு இன்று புதுக் கதவு போட்டாலும் அந்த அடிக்குத்தான் போடணும்.

ஜன்னலுக்கு அப்பா செய்வது இது. ஒரு ரீப்பர் கட்டையை எடுத்துத் திறப்பின் குறுக்கே வைத்து, மேலே, நடுவில், கீழே மூன்று இடத்தில் பார்ப்பார். எங்கே குறுகலாக இருக்கிறதோ அந்த அளவுக்கு அறுப்பார். உயரத்துக்கு இன்னொரு கட்டை. இரண்டிலும் "அடுக்களை அகலம்", "அடுக்களை உயரம்" என்று எழுதிப் பட்டறைக்கு அனுப்பிவிடுவார். கட்டையில் எண்ணே இருக்காது. அவர்கள் எந்த டேப்பில் வேண்டுமானாலும் அளந்துகொள்ளட்டும்.

புலப்படம், விழுப்புரம்

வீட்டை விடுங்கள், மனையின் பட்டாவைப் பார்த்தீர்களா டீச்சர்? பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும். பத்திரத்தில் சென்ட்டோ சதுர அடியோ இருக்கும். பட்டாவில் 0 - 4.50 என்று பார்த்துவிட்டு "நாலரை சென்ட்தானே" என்று பதறி வருகிறவர்கள் உண்டு. அது நாலரை ஏர்ஸ், 450 சதுர மீட்டர், பதினோரு சென்ட்டுக்குச் சற்று அதிகம். இதில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், தனியாக நிலம் விற்க வரும் பெண்கள். அதனால்தான் இதைப் பார்க்கும் இடத்திலெல்லாம் எழுதுகிறேன்.

ஒரு ஏர் 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

சென்ட்டும் பத்தடுக்குக் கணக்குதான் என்று பலருக்குத் தெரியாது. பழைய புலப்படங்களில் (நில அளவை வரைபடங்களில்) அளவு லிங்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். புள்ளியை நகர்த்தினாலே ஏக்கரிலிருந்து சென்ட் வந்துவிடும். உங்கள் ஏழாம் வகுப்புக்கு நல்ல கணக்கு இது.

ஸ்கார்பரோ வாசி

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில் வீட்டு வேலைதான். ஊரில் காணியைப் பரப்பில் சொல்லிப் பழகினவன், பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். இங்கே ரோட்டில் கிலோமீட்டர், கடையில் லிட்டர், ஆனால் சுவருக்குள் நிற்கும் மரம் இரண்டுக்கு நாலு அங்குலம், அதுவும் பேருக்குத்தான். உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை. பலகை நாலுக்கு எட்டு அடி.

தங்கச்சி, ஜன்னலோடு போனது நல்லது. இந்த நாடு மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த நேரம், 1983 ஜூலையில், ஏர் கனடாவின் புத்தம் புது போயிங் 767 ஒன்று மொன்றியலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போனது. எரிபொருள் மானி வேலை செய்யவில்லை, ஆகவே கையால் கணக்குப் போட்டார்கள். 22,300 கிலோ வேண்டும். லிட்டரைக் கிலோவாக்க 0.8 அளவில் பெருக்க வேண்டிய இடத்தில் 1.77ஆல் பெருக்கிவிட்டார்கள். அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்கிற எண். தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் ஏறி, 41,000 அடி உயரத்தில் போகும்போது எரிபொருள் தீர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு எஞ்சினும் நின்றுபோயின. கிளைடர் ஓட்டிப் பழகின கப்டன் அதை மிதக்கவிட்டே கொண்டுவந்து, கிம்லியில் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். 1.77 என்கிற எண் சரிதான், அது கிலோவுக்கா பவுண்டுக்கா என்றுதான் ஒருவரும் கவனிக்கவில்லை.

கணக்கு டீச்சர், திருவாரூர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. எழுதிய ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். மில்லிமீட்டர் மட்டும்தான் என்று மேஸ்திரியிடம் சொல்லும் எண்ணத்தை விட்டுவிட்டேன். மன்னார்குடித் தம்பி சொன்ன கட்டை யோசனையை இன்று மாலையே செய்தோம். மேஸ்திரி ரீப்பரை ஜன்னலுக்குக் குறுக்கே வைத்தார். மேலே சிக்கியது, கீழே லேசாக ஆடியது. பூச்சில் இரண்டு நூல் வித்தியாசம் இருந்திருக்கிறது, டேப்பில் ஒரே இடத்தில் அளந்தபோது தெரியவே இல்லை. அதைப் பார்த்ததும் அவரே டேப்பைப் பிடுங்கிக்கொண்டு மற்ற ஜன்னல்களையும் மூன்று மூன்று இடத்தில் அளக்கப் போய்விட்டார்.

அளவு நோட்டில் இரண்டு பத்தி போட்டிருக்கிறேன். இடதுபக்கம் அவர் அடியும் அங்குலமும் எழுத்தில் எழுதுவார். வலதுபக்கம் நான் டேப்பின் மறுபக்கத்தைப் பார்த்து மில்லிமீட்டரை எழுதுவேன். பெருக்கி எழுதுவதில்லை, தனியாக அளந்துதான் எழுதுவது. இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் பட்டறைக்குப் போகும்.

வந்த ஜன்னலை மாடிப்படித் திருப்பத்தில் வைக்க இடம் விட்டுக் கட்டச் சொல்லிவிட்டேன். அங்கே இன்னும் சுவர் எழும்பவில்லை. திருச்சி சாருக்கு ஒரு கேள்வி: 1250க்குச் செய்த ஜன்னலுக்குத் திறப்பு எவ்வளவு கூடுதலாக விடணும்? நாளை காலை எட்டு மணிக்கு அந்தச் சுவரை ஆரம்பிக்கிறார்கள்.