பழைய லீஃப் பற்றரி: இரும்புக்காரருக்குக் கொடுக்கவா, சோலரோடு மாட்டவா?

பரந்தன்காரன்:
என்னிடம் 2013 நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்று இருக்கிறது, 24 யூனிற் பற்றரி. பற்றரியின் வலுவைக் காட்டும் பன்னிரண்டு கட்டத்தில் எட்டுத்தான் எரிகிறது, முல்லைத்தீவுக்குப் போனால் திரும்பி வரும்வரை நெஞ்சிடி. கராஜில் மாற்றச் சொல்கிறார்கள். பழையதை எடுக்க இரும்புக்காரர் வாசலில் நிற்கிறார், எனக்குத்தான் மனம் வரவில்லை. வெளிநாட்டில் இப்படிப் பற்றரிகளை வைத்து நாட்டின் மின்வலையை, கிரிட்டையே தாங்குகிறார்களாமே, உண்மையா? எங்கள் ஒழுங்கையில் மில் மோட்டர் போட்டதும் லைற் மங்குகிறது, அதற்கும் உதவுமா?

வவுனியா வயர்மன்:
அண்ணை, மில் கதை வேறு. அது வோல்டேஜ் விழுவது, ட்ரான்ஸ்போமருக்குத் தூரமாக இருந்தால் அப்படித்தான். கிரிட் தடுமாறுவது என்றால் நாடு முழுக்க ஓடும் கரண்டின் துடிப்பு, அந்த 50 ஹேர்ட்ஸ், ஏறி இறங்குவது. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டதே, ஞாயிறு மத்தியானம், சோலர் நிறைய, பாவனை குறைவு, சுழன்று அடியைத் தாங்கும் பெரிய டர்பைன்களும் குறைவு, அதனால்தான் ஒரு அடிக்கே எல்லாம் விழுந்தது. அந்த நேரம் பற்றரி இருந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் கரண்ட் கொடுக்கும். வேண்டியது சில நிமிடம்தான், உங்கள் முல்லைத்தீவு ஓட்டம் இல்லை, அதனால் களைத்த பற்றரியும் போதும். ஸ்பெயினின் மெலில்லாவில் 48 பழைய லீஃப் பற்றரிகளோடு 30 புதியதும் சேர்த்து வைத்திருக்கிறார்கள், மின்நிலையம் விழுந்தால் கால்மணி நேரம் ஊரைத் தாங்கும், அதற்குள் நிலையத்தைத் திரும்ப எழுப்பிவிடலாம். உங்கள் ஒன்று கிரிட்டுக்குத் தூசு. ஆனால் வீட்டுக்குப் பெரிசு, பகல் வெயிலைப் பிடித்து ஆறரைக்குப் பிறகு எரிக்கலாம். மின்சார சபைக்குச் சொல்லாமல் லைனோடு மட்டும் இணைக்காதீர்கள், கம்பத்தில் நிற்பவனுக்கு அடிக்கும்.

புதுக்குடியிருப்பு:
நான் செய்து பார்த்தவன். முழுப் பெட்டி 400 வோல்ட் பக்கம், டிசி, பிடித்தால் விடாது, தெரிந்தவன் இல்லாமல் திறக்க வேண்டாம். உள்ளே 48 மொடியூல், அதாவது சின்னப் பற்றரிக் கட்டுகள், ஏழை வரிசையாகப் போட்டால் 48 வோல்ட் இன்வேர்ட்டருக்குச் சரிவரும். அப்படி ஆறு வரிசை, மிச்சம் ஆறு கையிருப்பு என்று கணக்குப் போட்டேன். ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கி அளக்க மூன்று கிழமை போனது, ஐந்து உருப்படாது, அதில் இரண்டு வீங்கிக் கிடந்தது. காசை விட இந்த அளக்கிற வேலைதான் மனிசனைத் தின்னும். இன்னொன்று, இன்வேர்ட்டரை லெட்-ஆசிட், அதுதான் பழைய ஈயப் பற்றரி, செட்டிங்கில் விட்டுவிட்டேன், ஒரு நாள் மத்தியானம் ஈக்குவலைஸ் என்று 59 வோல்ட்டுக்கு மேல் ஏற்றத் தொடங்கியது, பற்றரியைக் காவல் காக்கும் பி.எம்.எஸ் வெட்டியிராவிட்டால் கொட்டில் எரிந்திருக்கும். அதுவும் வெயிலில் கொதிக்கும் தகரக் கொட்டில். இப்போது வேப்பமரத்தடியில் ஓலைக் கூரைக்குக் கீழே, வீட்டை விட்டுத் தள்ளி வைத்திருக்கிறேன்.

வவுனியா வயர்மன்:
ஓலையா? தம்பி, நெருப்புப் பிடிக்கும், ஓட்டுக் கூரை போடு.

பரந்தன்காரன்:
சரி, இரும்புக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதுக்குடியிருப்புத் தம்பி, கழித்த ஐந்து போக மிச்சம் கிடக்கும் அந்த ஒரு மொடியூலைத் தருவீர்களா?