‘தி வயர்’ தொடர்: மனதை விட்டுப் போகாத ஓர் இடம்

முறிகண்டியான்

பால்டிமோர் நகரத்துப் போதைப்பொருள் வியாபாரத்தையும் பொலிஸையும் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் இது. பார்த்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன், கதை சொல்லப்போவதில்லை. முதல் சீசன். செம்மஞ்சள் சோபா கிடக்கும் அந்த முற்றம். போடியும் வாலஸும் சதுரங்கக் காய்களை வைத்துக்கொண்டு வேறு ஏதோ ஆட்டம் ஆடுவார்கள். டி’ஏஞ்சலோ வந்து, ராஜா யார், ராணி யார், சிப்பாய் யார் என்று அவர்களுடைய போதைப்பொருள் தொழிலையே உதாரணம் வைத்துச் சொல்லிக்கொடுப்பான். அந்த இடம்.

அக்காவின் மகனோடு பார்த்தேன். உயர்தரம் படிக்கிறான். அதுவரை அவனுக்கு இருந்த ஒரே சந்தேகம், இவர்கள் ஏன் கைப்பேசி இல்லாமல் தெருத் தொலைபேசிக்கு ஓடுகிறார்கள் என்பதுதான். 2002இல் தொடங்கிய தொடர், அது யுத்தத்தால் மூடிக்கிடந்த ஏ9 வீதி திறந்த ஆண்டு, அப்போது வெளிநாட்டு அழைப்பு ஒன்றுக்காக நாங்கள் கடை வாங்கிலில் அரைநாள் காத்திருந்தோம் என்றேன். சிரித்தான். பிறகு இந்தக் காட்சி வந்தது. படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான்: “மாமா, மற்றக் காய்கள் எல்லாம் பின்னுக்கு வரலாம். சிப்பாய்க்கு மட்டும் ஏன் திரும்பி வர வழி இல்லை?”

அது ஆட்டத்தின் விதி என்றேன். வேறு என்ன சொல்வது?

பக்கத்தில் சுளகு வைத்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா பாதியில் எழுந்து போய்விட்டார். அன்றிரவு சம்பலோடுதான் சாப்பிட்டோம். மூன்று மாதமாகிறது. இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

எழுதுவினைஞர்

எனக்கு உறுத்தல் இல்லை, சிரிப்புத்தான். முதல் சீசனில் பொலிஸ்காரர்கள் ஒரு பெரிய மேசையைக் கதவுக்குள்ளால் நகர்த்தும் இடம். ஆளுக்கு ஆள் வந்து தள்ளுவார்கள், அசையாது. கடைசியில் பார்த்தால் பாதிப்பேர் உள்ளே கொண்டுபோகத் தள்ளுகிறார்கள், மற்றப் பாதி வெளியே கொண்டுவரத் தள்ளுகிறார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் இரும்பு அலுமாரி ஒன்று வந்திறங்கியது. எங்கள் கிளைக்கு என்று எங்களுக்கு ஒரு கடிதம், மாடிக்கு என்று மாடிக்கு ஒரு கடிதம். இரண்டிலும் ஒரே கையொப்பம். நான்கு மாதம் அது படிக்கட்டின் நடுவில் நின்றது. சனம் அதைச் சுற்றி ஏறி இறங்கியது. ஒரு கிழவர் அதன் மேல் குடையை வைத்துவிட்டுப் போய், அடுத்த கிழமை வந்து எடுத்துக்கொண்டு போனார். அமெரிக்காவில் உட்கார்ந்து எங்கள் படிக்கட்டை எப்படிப் பார்த்தார்கள் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

இரண்டாம் சீசனைப் பார்க்காமல் தாண்டிவிட்டேன். துறைமுகம், கொள்கலன், தொழிற்சங்கம் எல்லாம் நமக்கு எதற்கு?

துணுக்காய் ரீச்சர்

நான்காம் சீசன். முன்னாள் பொலிஸ்காரர் பிரெஸ் கணக்குப் படிப்பிக்க வருவாரே, அவருடைய வகுப்பில் டூக்கி. அழுக்கு உடுப்போடு வருகிற பிள்ளை, மணக்கிறது என்று மற்றவர்கள் விலகுகிற பிள்ளை. பிரெஸ் அவனைப் பாடசாலையிலேயே குளிக்கவைத்து உடுப்பையும் தோய்த்துக் கொடுப்பார். ஒருவருக்கும் சொல்லமாட்டார்.

என் வகுப்பிலும் ஒருவன் இருந்தான். பின் வாங்கில், யன்னல் ஓரம். அரசாங்கம் தருகிற இலவசச் சீருடைத் துணியில் தைத்த ஒரே வெள்ளைச் சட்டை, வெள்ளிக்கிழமை வரும்போது மண்ணிறமாகிவிடும். பிள்ளைகள் முறையிட்டார்கள். நான் யன்னலைத் திறந்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். திறந்துவிட்டதும் அவன் என்னைப் பார்த்து “நன்றி ரீச்சர்” என்றான். காற்றுக்காகத் திறந்தேன் என்று நினைத்தானோ, எதற்காகத் திறந்தேன் என்று தெரிந்தே சொன்னானோ. இரண்டாம் தவணைக்குப் பிறகு வரவில்லை.

பரந்தன் பழசு

எழுதுவினைஞர் தம்பிக்கு. இரண்டாம் சீசனைத் தாண்டியவர் தொடரைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது. துறைமுகத் தொழிற்சங்கத் தலைவன் ஃபிராங்க் சொபோட்கா கேட்பது என்ன? தானியம் இறக்கிய பழைய துறையைத் திரும்பத் திறக்கவேண்டும், பெரிய கப்பல் வரக் கால்வாயை ஆழமாக்கவேண்டும், தன் ஆட்களுக்கு நாள்வேலை கிடைக்கவேண்டும். அதற்காகத்தான் கள்ளக் கொள்கலனுக்குக் கண்ணை மூடுகிறான். கடைசியில் அந்தத் துறையைக் கட்டட முதலாளிமார் மாடிவீடு கட்ட எடுத்துக்கொள்கிறார்கள்.

என் அப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இடம். யுத்தத்தோடு நின்றது. நின்று எத்தனையோ வருடத்துக்குப் பிறகும், தொழிற்சாலைச் சங்கு ஊதுகிற நேரத்துக்கு அப்பா கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். சங்கு இல்லை, வேலை இல்லை, பார்ப்பார். சொபோட்கா வெறும் துறையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு அப்பாவின் மணிக்கட்டுத்தான் தெரிந்தது. “நமக்கு எதற்கு” என்கிறீர்கள். ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலை ஆட்களிடம் போய்க் கேளுங்கள்.

விசுவமடு அம்மா

ஆண்கள் எல்லோரும் ஓமரைப் பற்றிக் கதைக்கத் தொடங்குமுன் நான் எழுதிவிடுகிறேன். போதைப்பொருள் விற்பவனிடம் மட்டும் கொள்ளையடிக்கிறான், கெட்ட வார்த்தை பேசமாட்டான், அதனால் நல்லவன் என்பீர்கள். என் வீட்டுக்காரரும் இதையே சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். எங்கள் ஒழுங்கை முகப்பில் மாலை ஆறு மணிக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கிறவர்களும் சீழ்க்கை அடித்துத்தான் ஆளைக் கூப்பிடுகிறார்கள். சத்தம் கேட்டால் பிள்ளைகளை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துவது என் பழக்கம்.

ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போகிறேன், வேலிப்பக்கம் சீழ்க்கை. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். பார்த்தால் என் சின்னவன். பதினொரு வயது. வைக்கோலைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே ஓமரின் மெட்டை அடிக்கிறான். அங்கே அது குழந்தைப்பாட்டின் மெட்டாம். அடிக்கவேண்டும் என்று கை ஓங்கியது, எதற்கு அடிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவ்வளவு பெரிய ஓமரையே கடைசியில் ஒரு சின்னப் பொடியன் கடைக்குள் வைத்துச் சுட்டுவிடுகிறான். நடித்த மைக்கேல் கே. வில்லியம்ஸ் 2021இல் போதைப்பொருளால்தான் இறந்தார். சீழ்க்கையைக் கற்றுக்கொடுக்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாங்குளம் மைனா

அக்கா, நான் இன்னும் ஐந்தாம் சீசன் பார்க்கவில்லை. மிக்க நன்றி.

அறிவியல்நகர் அயலவன்

புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சில விடயங்கள். மொத்தம் 60 பாகங்கள், ஐந்து சீசன், 2002 முதல் 2008 வரை. முதல் நான்கு பாகங்களில் ஒன்றும் விளங்காது, விட்டுவிடாதீர்கள். ஆங்கில எழுத்துவரியைப் போட்டுப் பாருங்கள், பால்டிமோர்ப் பேச்சு அமெரிக்கர்களுக்கே பிடிபடுவதில்லை. பழைய சதுரப்படமாகக் கிடைத்தால் அதையே பாருங்கள், அகலத்திரைப் பதிப்பு 2014இல் பிறகு செய்தது. எழுதிய டேவிட் சைமன் அந்த ஊர்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தவர், கூட எழுதிய எட் பேர்ன்ஸ் முதலில் பொலிஸ், பிறகு ஆசிரியர். ரீச்சர் சொன்ன வகுப்பறை அதனால்தான் அப்படி இருக்கிறது.

இனி முறிகண்டியான் அண்ணைக்கு. மருமகனைக் கவனியுங்கள். அந்த வயதில் இப்படிக் கேள்வி வருவது நல்ல குறி இல்லை. யாரோடு சேருகிறான், இரவில் எத்தனை மணிக்கு வருகிறான், காசு கேட்கிறானா என்று பாருங்கள். கண் சிவந்திருந்தால் உடனே கேட்காதீர்கள், இரண்டு நாள் விட்டுக் கேளுங்கள். படிப்பு ஏறாவிட்டால் இங்கே அறிவியல்நகரில் ஜேர்மன் உதவியோடு கட்டிய தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. வாகனம், மின்னியல், உணவுத் தொழில்நுட்பம் என்று பிரிவுகள் உண்டு. சான்றிதழோடு வெளியே வரலாம். சதுரங்கம் தெரிந்த பிள்ளைக்கு மின்னியல் பொருந்தும். காலையில் ஓடச்சொல்லுங்கள். கைப்பேசியை இரவு ஒன்பதுக்கு வாங்கி வையுங்கள். முடிந்தால் கோயில் தொண்டில் சேர்த்துவிடுங்கள். என்னுடைய அனுபவம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, தொடரை இரண்டு தடவை பார்த்தேன், நன்றாக இருந்தது.

எழுதுவினைஞர்

பரந்தன் ஐயா, மன்னிக்கவும். நேற்றிரவு இரண்டாம் சீசனைத் தொடங்கினேன். ஆனால் அயலவன் அண்ணை, சதுரங்கத்துக்கும் மின்னியலுக்கும் என்ன சம்பந்தம்?

அறிவியல்நகர் அயலவன்

சிந்தனை. விளங்குகிறவர்களுக்கு விளங்கும்.

முறிகண்டியான்

அயலவன், அக்கறைக்கு நன்றி. மருமகனுக்கு ஒன்றும் இல்லை. கணிதப் பிரிவில் படிக்கிறான், கண் சிவந்தால் அது இணைந்த கணிதம் செய்த கண். எல்லோரும் அவனைப் பற்றியே எழுதுகிறீர்கள். எழுந்து போனது அக்கா.

அவனுக்கு முன்பு மூத்தவன் ஒருவன் இருந்தான். 2009க்குப் பிறகு அவன் இல்லை. இவன் அப்போது கைக்குழந்தை, அண்ணனைப் படத்தில்தான் தெரியும்.

நான்காம் சீசன் தொடங்கிவிட்டோம். தொடங்கும் பாட்டுக் கேட்டதும் அக்கா கதிரையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விடுவார். நாங்கள் சத்தத்தைக் குறைத்துப் பார்க்கிறோம். முந்தாநாள் முடிந்து உள்ளே வந்தபோது கேட்டார்: “அந்தச் சின்னப் பொடியன் வாலஸ் என்னவானான்?”

தெரியாது, இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்று சொன்னேன்.