வீட்டு ஃபைல் சர்வரை வெளியிலிருந்து திறப்பது: போர்ட் திறக்கலாமா, கூடாதா?

முகூர்த்தநாள் (தண்டையார்பேட்டை)

கல்யாண போட்டோ எடுக்கும் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கடை கீழே, வீடு மேலே. ஒரு கல்யாணத்துக்குக் குறைந்தது 120 ஜி.பி. சேர்கிறது. பழைய டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, 4 டி.பி. டிஸ்க் இரண்டை மாட்டி, சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாகப் பகிர்ந்திருக்கிறேன். வீட்டுக்குள் அருமையாக ஓடுகிறது.

இனி எனக்கு வேண்டியது இரண்டு. மண்டபத்தில் இருக்கும்போதே பழைய ஆல்பங்களை எடுத்துக் காட்ட வேண்டும். அடுத்து, பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் தங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே படங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது இரு வீட்டாரும் கும்பலாகக் கடைக்கு வந்து, காபி குடித்து, சண்டை போட்டு, பாதித் தேர்வில் எழுந்து போகிறார்கள். ரவுட்டரில் சாம்பாவுக்கான 445 போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வழி) திறந்து பார்த்தேன். வெளியிலிருந்து எதுவும் எட்டவில்லை. எங்கே தவறு?

உப்புக்காற்று (ராயபுரம்)

எட்டவில்லையே என்று சந்தோஷப்படுங்கள் அண்ணா. முதலில் அந்த 445-ஐ மூடிவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பிறகு பேசலாம். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற நாசநிரல் உலகம் முழுவதும் பரவியது அந்தக் கதவு வழியாகத்தான். அது விண்டோஸ் கோளாறு, நான் லினக்ஸ் என்று சொல்வீர்கள். அதே மாதம் சாம்பாவிலும் ஒரு பெரிய ஓட்டை வெளியானது.

எட்டாததற்குக் காரணம் வேறாக இருக்கும். ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்து, இணைய நிறுவனம் தந்திருக்கும் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127-க்குள் இருந்தால், நீங்கள் போர்ட் திறந்தது உங்கள் வீட்டு அறைக் கதவை மட்டும்தான். அடுக்குமாடியின் தெருக் கதவு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஐ.பி.வி.4 முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி. மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைக்கிறார்கள். அப்படி அடைப்பதற்கென்றே 2012-ல் ஒதுக்கிய எண்கள் இவை.

முகூர்த்தநாள் (தண்டையார்பேட்டை)

445-ஐ மூடிவிட்டேன். நீங்கள் சொன்னது சரி, 100.71 என்று தொடங்குகிறது. இணைப்பு கொடுத்தவரிடம் கேட்டேன். மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் நிலையான பொது முகவரி தருவாராம்.

பழையஇரும்பு (பழைய வண்ணாரப்பேட்டை)

வாங்கிவிடுங்கள் தம்பி. யோசிக்கவே வேண்டாம். 445 கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை, அது தற்கொலை. ஆனால் இணையதளங்களுக்கான 443 போர்ட் வேறு. எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் என் வீட்டில் ஆறு ஆண்டுகளாக நெக்ஸ்ட்கிளவுட் என்ற சொந்த கிளவுட் மென்பொருள் ஓடுகிறது. நிலையான முகவரி, சொந்த டொமைன் பெயர், லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழ், இரட்டை உறுதிப்பாடு. தவறான கடவுச்சொல்லை ஐந்து முறை அடித்தால் அந்த முகவரியையே தடுத்துவிடும். இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. தண்டையார்பேட்டை ஸ்டூடியோவைத் தேடிக்கொண்டு எவன் வரப் போகிறான்?

உப்புக்காற்று (ராயபுரம்)

தேடிக்கொண்டு யாரும் வருவதில்லை ஐயா. தெருத்தெருவாக எல்லாக் கதவையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2013-ல் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, நல்ல வேகமுள்ள ஒரே கணினியிலிருந்து உலகின் ஐ.பி.வி.4 முகவரிகள் அனைத்தையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். நீங்கள் பெருமையாகச் சொல்லும் சான்றிதழ் இருக்கிறதே, அதை வாங்கிய உடனே உங்கள் டொமைன் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அதைப் படித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் நிரல்கள் இருக்கின்றன.

என் கதையைச் சொல்கிறேன். ஒருநாள் இரவு 11 மணிக்கு, வேலைக்காக, தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் எஸ்.எஸ்.எச். போர்ட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பல் துலக்கிக்கொண்டே பதிவைப் பார்த்தேன். ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, ஆரக்கிள் என்று அடுத்தடுத்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ‘பை’ என்ற பெயருக்கு மட்டும் பக்கம் பக்கமாக. ராஸ்பெரி பை வாங்கியவர்கள் பழைய பயனர் பெயரை மாற்றாமல் விட்டிருப்பார்கள் என்ற நம்பிக்கை. கடவுச்சொல் இல்லாமல் சாவிக் கோப்பு மட்டும் வைத்திருந்ததால் தப்பித்தேன். ஆனாலும் பேஸ்ட் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

கணக்கர்_மண்ணடி

சண்டையை நிறுத்திவிட்டு ஒரு கணக்கைப் பாருங்கள். முகூர்த்தநாள் சார், உங்கள் இணைப்பின் ஏற்று (அப்லோட்) வேகம் எவ்வளவு? 100 எம்.பி.பி.எஸ். என்றே வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 12.5 எம்.பி. 120 ஜி.பி. வெளியே போக, ஒரு தடங்கலும் இல்லாவிட்டால்கூட 2 மணி 40 நிமிடம். வழியில் ரயில்வே கேட்டில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து, ஒரு டிஸ்க்கைப் பையில் போட்டு பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்தால் அதைவிடச் சீக்கிரம் சேரும்.

பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும் என்றால், மாதம் 43 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 86. வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் நல்ல பங்கை அதுவே தின்றுவிடும். (கடைச் சர்வர் வீட்டு மீட்டரில் ஓடுவதை நான் கவனிக்கவில்லை.) இந்த வம்பே வேண்டாம். மாதச் சந்தா கட்டி ஒரு கிளவுடில் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

பழையஇரும்பு (பழைய வண்ணாரப்பேட்டை)

கணக்கரே, நீங்கள் முதல் வருடச் சந்தாவை மட்டும் பார்க்கிறீர்கள். வருடத்துக்கு 40 கல்யாணம் என்றால் 4.8 டி.பி. அடுத்த வருடம் இன்னொரு 4.8. பழையதை அழிக்கவும் முடியாது. பத்து வருடம் கழித்துப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்று படம் கேட்டு வருகிறார்கள். சந்தாவை நிறுத்தினால் கதவு சாத்தப்படும். என் பொருள் என் வீட்டில் இருக்க வேண்டும்.

உப்புக்காற்று (ராயபுரம்)

வீட்டில் இருக்கட்டும், அதில் நானும் உங்கள் கட்சிதான். வீட்டில் இருப்பது வேறு, தெருவைப் பார்த்து வாசல் வைப்பது வேறு. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளில் இருந்த கோப்புகளை யாரோ வெளியிலிருந்தே துடைத்தெறிந்தார்கள். 2015-க்குப் பிறகு புதுப்பிப்பே வராத பெட்டி அது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற நாசநிரல், இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் நிறுவனச் சேமிப்புப் பெட்டிகளைப் பூட்டிவிட்டு 0.03 பிட்காயின் கேட்டது. அவர்கள் எல்லாரும் பெரிய நிறுவனங்களா? போட்டோ வைத்திருந்த வீட்டுக்காரர்கள்.

ஒரே ஒரு கேள்வி ஐயா. உங்கள் நெக்ஸ்ட்கிளவுட் எந்தப் பதிப்பு? ஒரு பெரும் பதிப்புக்கு ஏறத்தாழ ஒரு வருடம்தான் பாதுகாப்புத் திருத்தம் வரும்.

முகூர்த்தநாள் (தண்டையார்பேட்டை)

கிளவுட் எனக்கு ஒத்துவராது. தம்பிகள் இரண்டு பேர் எடிட் செய்கிறார்கள், எல்லாம் வீட்டு நெட்வொர்க்கிலேயே நடக்கிறது. வாசல் இல்லாமல் உள்ளே வருவது எப்படி என்று சொல்லுங்கள்.

உப்புக்காற்று (ராயபுரம்)

வயர்கார்டு. சாவி வைத்திருப்பவர்கள் மட்டும் நுழையும் மறைவழி (வி.பி.என்.). 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பு முதல் லினக்ஸ் கருவிலேயே (கெர்னல்) இருக்கிறது. சரியான சாவி இல்லாமல் தட்டினால் ‘யார்?’ என்றுகூடக் கேட்காது. வீட்டில் ஆளே இல்லாததுபோல் இருக்கும். பொது முகவரி வாங்கினால் ஒரு யு.டி.பி. போர்ட் மட்டும் திறந்தால் போதும். வாங்காவிட்டால், வெளியே ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்து நடுவில் வையுங்கள். வீட்டுப் பெட்டி 25 விநாடிக்கு ஒருமுறை அதைத் தொட்டு வழியைத் திறந்தே வைத்திருக்கும். இதெல்லாம் தலைவலி என்றால் டெயில்ஸ்கேல். அதுவும் உள்ளே வயர்கார்டுதான். நிறுவிக் கணக்கு தொடங்கினால் பத்து நிமிடத்தில் முடிந்தது. அது தரும் முகவரியும் 100 என்றுதான் தொடங்கும், இணைய நிறுவனத்தினுடையதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பழையஇரும்பு (பழைய வண்ணாரப்பேட்டை)

நல்ல யோசனைதான். மணப்பெண்ணின் பெரியப்பாவுக்கு அழைப்பிதழோடு சேர்த்து வி.பி.என். சாவியும் கொடுத்துவிடலாமா? தம்பியின் இரண்டாவது தேவையை நீங்கள் தொடவே இல்லை அம்மா. வாடிக்கையாளருக்குச் சுட்டி ஒன்றுதான் அனுப்ப முடியும். அதற்கு வாசல் வேண்டும்.

உப்புக்காற்று (ராயபுரம்)

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு மதிப்பெண், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரியப்பாவுக்கு கேமராவின் மூல ரா கோப்பு எதற்கு? 1,500 படங்களை 600 கே.பி.க்குச் சுருக்கினால் மொத்தம் 900 எம்.பி. தேர்வுக்கு அது தாராளம். ஸ்டூடியோ பெயரை நடுவில் நீர்க்குறியாகப் போட்டுவிட்டால் திருட்டும் இல்லை. அந்த 900 எம்.பி.யை மட்டும் வெளியே வாடகை இடத்தில் வையுங்கள், தேர்வு முடிந்ததும் அழித்துவிடுங்கள். வீட்டுக்கு உள்ளே யாரும் வர வேண்டியதே இல்லை.

வீட்டிலிருந்தே தர வேண்டும் என்றால் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டனல் இருக்கிறது. வீட்டுப் பெட்டிதான் வெளியே போய் இணைப்பை ஏற்படுத்தும், போர்ட் எதுவும் திறக்க வேண்டாம்.

பழையஇரும்பு (பழைய வண்ணாரப்பேட்டை)

அந்த டனலில் மறையாக்கம் அவர்கள் சர்வரில் பிரிக்கப்பட்டுத்தான் மேலே போகிறது. நினைத்தால் அவர்களால் பார்க்க முடியும். இலவசத் திட்டத்தில் ஒரே தடவையில் 100 எம்.பி.க்கு மேல் ஏற்றவும் விடாது. சொந்த வீடு கட்டிவிட்டு வாசலை மட்டும் அடுத்தவன் பட்டாவில் வைப்பது எனக்குச் சரிப்படாது.

கணக்கர்_மண்ணடி

வாசலைப் பற்றி மூன்று நாளாகப் பேசுகிறீர்கள். வீடே மூழ்கினால்? 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எங்கள் அலுவலகக் கணினிகள் மேசைக்கு அடியில் இருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு ஒரு பெட்டியைச் சாய்த்தேன். கலங்கிய காபி போல ஒரு படி தண்ணீர் கொட்டியது, கூடவே எண்ணெய் வாடை. அதில் இரட்டை டிஸ்க் இருந்தது, ஒன்றுக்கொன்று நகல். இரண்டும் சேர்ந்தே போயின.

முகூர்த்தநாள் சார், உங்கள் சர்வர் இருப்பது கீழேயா, மேலேயா?

முகூர்த்தநாள் (தண்டையார்பேட்டை)

கீழே. தரையில். இப்போதுதான் போய் மேலே தூக்கி வைத்துவிட்டு வந்தேன்.

உப்புக்காற்று (ராயபுரம்)

இரண்டு டிஸ்க் ஒன்றுக்கொன்று நகலாக இருப்பது காப்பு ஆகாது. ஒன்றில் தவறாக அழித்தால் மற்றதிலும் அதே நொடியில் அழியும். மூன்றாவது நகல் வேறு பேட்டையில் இருக்க வேண்டும். இன்னொன்று, கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஜன்னலோரம் வைக்காதீர்கள். என் பழைய பெட்டியின் பின்பக்கத் திருகுகள் இரண்டே வருடத்தில் தூளாய் உதிர்ந்தன. நெட்வொர்க் கேபிளின் முனையில் பச்சைக் களிம்பு.

பழையஇரும்பு (பழைய வண்ணாரப்பேட்டை)

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போவது என் வழக்கமில்லை. பார்த்தேன். இரண்டு பெரும் பதிப்புகள் பின்தங்கியிருந்தது. தானாகப் புதுப்பிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிறிய திருத்தங்களைத்தான் அது செய்துகொண்டிருந்திருக்கிறது. நேற்று இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து ஒவ்வொரு பதிப்பாக ஏற்றிவிட்டேன். ஒரே தாவில் தாண்ட விடாது என்பதையும் நேற்றுதான் கற்றுக்கொண்டேன்.

443 திறந்தேதான் இருக்கிறது. மூடுவதாக இல்லை.

முகூர்த்தநாள் (தண்டையார்பேட்டை)

என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நிலையான முகவரி வாங்கவில்லை. எனக்கும் இரண்டு தம்பிகளுக்கும் டெயில்ஸ்கேல். சுருக்கிய படங்கள் வாடகை இடத்தில், வீட்டாருக்கு ஆளுக்கொரு கடவுச்சொல். 4 டி.பி. டிஸ்க் ஒன்று பெரம்பூரில் தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போகும்போது மாற்றி வைக்கிறேன்.

மண்டபத்தில் முதல் சோதனை கேலிக்கூத்து. 800 பேர் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள், சிக்னல் கோடு நிறைய இருந்தும் எதுவும் நகரவில்லை. கடைசியில் அச்சிட்ட ஆல்பத்தையே விரித்துக் காட்டினேன். ஆனால் சுட்டி வேலை செய்தது. மாப்பிள்ளையின் அத்தை இரவோடு இரவாக 1,400 படங்களைப் பார்த்து, 1,100-ஐத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறார். ஆல்பத்தில் இடம் 120-க்கு. இதற்கு எந்த போர்ட்டை மூடுவது?