புதுப்பிப்பு: இரண்டு ஆடம்ஸ்களும் என்ன உறவு?

அமெரிக்காவின் இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸும் பாஸ்டன் புரட்சிக்காரர் சாமுவேல் ஆடம்ஸும் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறு, மன்னியுங்கள்.

ஒவ்வொரு தலைமுறையாகத் தாளில் எழுதிப் பார்த்தேன். 1638 வாக்கில் மாசசூசெட்ஸின் பிரெயின்ட்ரீக்கு வந்த ஹென்றி ஆடம்ஸ்; அவர் மகன் ஜோசப். இந்த ஜோசப்தான் இருவருக்கும் கொள்ளுத்தாத்தா. அவருடைய மகன் இன்னொரு ஜோசப்பின் பேரன் அதிபர்; மற்றொரு மகன் ஜானின் பேரன் சாமுவேல். அதாவது, ஆண்வழிப் பங்காளிகள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்ததில்தான் தடுமாறிவிட்டேன்.

அப்புறம், ஹென்றிக்கு அதிபர் எழுப்பிய நினைவுக்கல்லில் பூர்வீகம் இங்கிலாந்தின் டெவன்ஷயர் என்று வெட்டியிருக்கிறது. உண்மையில் அது சாமர்செட்டின் பார்ட்டன் செயின்ட் டேவிட் கிராமம். எள்ளுப்பேரனுக்கே ஊர் மாறிப்போயிருக்கிறது!