ஃபெசன்ட் வேட்டைக்குக் கூட்டமாகப் போவதா, ரெண்டு பேராகவா?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை, கோழி இனத்தைச் சேர்ந்த ஃபெசன்ட் பறவையின் வேட்டை சீசன் தொடங்குகிறது. ஆபீஸ் நண்பர்கள் பதினைந்து பேர் சேர்ந்து போகலாம் என்கிறார்கள். எனக்கு ரெண்டு பேரும் ஒரு லாப்ரடார் நாயும் போதும் என்று தோன்றுகிறது.

இந்தப் பறவை லேசில் பறக்காது. சோள வரிசைக்குள் தலையைத் தாழ்த்தி ஓடிக்கொண்டே இருக்கும். அகலமான சோளக்காட்டில் ஒரு பக்கமிருந்து ஆட்கள் வரிசையாகக் கலைத்துவர, மறுமுனையில் நாலு பேர் மறிக்காவிட்டால் அத்தனையும் நழுவிவிடும். ஆனால் எதிரெதிரே துப்பாக்கி நிற்பதுதான் பயமாக இருக்கிறது. தாழப் பறப்பதைச் சுடாமல் எல்லோரும் கட்டுப்படுவார்களா? சேவலை மட்டும்தான் சுடலாம், அதுவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3.

சம்பங்கோரை மண்டிய சதுப்பு ஓரத்தில் ரெண்டு பேர் சத்தமில்லாமல் போனால் கிடைக்குமா? கார்க் கதவு சத்தத்துக்கே ஓடிவிடுமாமே! கூட்டமாகப் போனவர்கள் மறிப்பவர்களை எங்கே நிறுத்துவீர்கள், என்ன சைகை வைத்துக்கொள்வீர்கள்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.