தேடினால் மெயில் வருகிறது, ஆனால் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரியவில்லை. அவசரம்

சித்தூர் கணக்கு:
வணக்கம். பொள்ளாச்சி மண்டியிலிருந்து 2021-ல் எங்கள் கொழிஞ்சாம்பாறை கடைக்கு வந்த தேங்காய் லோடு பில்கள் எல்லாம் வேண்டும். ஆடிட்டர் இன்றைக்கே கேட்கிறார். மேலே தேடும் பெட்டியில் மண்டிப் பெயரைப் போட்டால் மெயில் வருகிறது, திறக்கவும் செய்கிறது. இன்பாக்ஸில் போய்ப் பார்த்தால் அந்த வருடமே இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து அனுப்ப நேரமில்லை. அவை இருக்கும் இடத்துக்கே போக வழி சொல்லுங்கள்.

வாளையார் வண்டி:
எந்த சாஃப்ட்வேருங்க? அவுட்லுக்கா, தண்டர்பேர்டா?

பழைய சர்வர்:
சாஃப்ட்வேர் பெயர் இல்லை, பதிப்பு இல்லை, கணக்கு பாப் (POP, மெயிலைக் கணினிக்கு இறக்கி வைப்பது) வகையா, ஐமேப் (IMAP, மெயிலை சர்வரிலேயே வைத்துக் காட்டுவது) வகையா என்றும் இல்லை. இதெல்லாம் சொல்லாமல் கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? அடிப்படையைப் படித்துவிட்டு வந்து கேட்பது நல்லது.

புளியரை:
தண்டர்பேர்டு என்றால் இது இண்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) கோளாறு. ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன், அதில் ப்ரொஃபைல் ஃபோல்டரை (மெயிலும் செட்டிங்ஸும் இருக்கும் இடம்) திறக்கவும். தண்டர்பேர்டை மூடிவிட்டு, குளோபல்-மெசேஜஸ்-டிபி என்று தொடங்கும் எஸ்கியூலைட் கோப்பை (global-messages-db.sqlite) அழித்துவிடுங்கள். மறுபடி திறந்ததும் அதுவே புதிதாகக் கட்டிக்கொள்ளும்.

வாளையார் வண்டி:
இப்போது அதை அழிக்க வேண்டாம். மெயில் திறக்கிறது என்றால் இண்டெக்ஸ் சரியாகத்தான் இருக்கிறது. பழைய மெயில் நிறைய இருந்தால் புதிதாகக் கட்டி முடிக்க நேரமாகும். அதுவரை தேடல் பாதிதான் காட்டும். ஆடிட்டர் காத்திருக்கும்போது அந்த வேலை எதற்கு?

சித்தூர் கணக்கு:
தண்டர்பேர்டுதான். விண்டோஸ் 10. பாப், ஐமேப் எல்லாம் தெரியாதுங்க, முன்னால் இருந்த கணக்கர் வைத்துவிட்டுப் போனது.

மறையூர்க்காரன்:
அக்கா, அதே ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் 'மெயில்', 'ஐமேப்மெயில்' என்ற பெயர்களில் பாருங்கள். பாப் கணக்கு முதலாவதில் இருக்கும், ஐமேப் கணக்கு இரண்டாவதில். ஒவ்வொரு மெயில் ஃபோல்டரும் பின்னொட்டு இல்லாத ஒரே பெரிய கோப்பு. பக்கத்தில் அதே பெயரில் எம்எஸ்எஃப் (.msf) என்று முடிவது வெறும் அட்டவணைதான், கடிதம் அதில் இல்லை. கோப்பின் அளவைப் பார்த்தாலே எதில் நிறைய மெயில் இருக்கிறது என்று தெரியும். பாப் என்றால் உங்களுக்கு நல்லது, எல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கிறது.

பழைய சர்வர்:
இந்தக் காலத்தில் பாப்பை நல்லது என்று யாரும் சொல்லக் கூடாது. ஹார்ட் டிஸ்க் போனால் மொத்தக் கணக்கும் போய்விடும். ஐமேப் என்றால் சர்வரிலும் இருக்கும், போனிலும் இருக்கும். வியாபாரம் செய்கிறவர்களுக்கு அதுதான் முறை.

மறையூர்க்காரன்:
மழைக்காலத்தில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள் சார். மரம் விழுந்து லைன் போனால் நெட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எஸ்டேட் ஆபீஸில் பில் பார்க்க வேண்டுமென்றால் மெயில் கையோடு இருக்க வேண்டும்.

பழைய சர்வர்:
ஐமேப்பிலும் ஆஃப்லைனுக்கு இறக்கி வைக்கும் வசதி தண்டர்பேர்டில் இருக்கிறது. அது தெரியாமல் பாப்புக்கு வக்காலத்து வாங்க வேண்டாம்.

மறையூர்க்காரன்:
தெரியும் சார். சர்வரில் இடம் நிறைந்தால் யார் காசு கட்டுவது?

வாளையார் வண்டி:
இரண்டு பேரும் அதைத் தனியாகப் பேசுங்கள், அவர் அவசரத்தில் இருக்கிறார். அக்கா, கோப்பு எதையும் தொட வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சர்ச் மெசேஜஸ் ஜன்னல் வரும். மேலே உங்கள் கணக்கைத் தேர்ந்தெடுங்கள், சப்ஃபோல்டர்களிலும் தேடு என்பதில் டிக் இருக்கட்டும். ஃப்ரம் என்று வைத்து மண்டிப் பெயரைப் போடுங்கள். வரும் பட்டியலில் லொக்கேஷன் என்று ஒரு பத்தி இருக்கும், ஃபோல்டர் பெயர் அதில்தான். ஒரு மெயிலைத் தேர்ந்தெடுத்துக் கீழே ஓப்பன் இன் ஃபோல்டர் பொத்தானை அழுத்தினால் நேரே அங்கே போய்விடும். அந்தப் பத்தி தெரியவில்லை என்றால் பட்டியல் தலைப்பின் வலது ஓரத்தில் இருக்கும் சின்ன ஐகானில் லொக்கேஷனை டிக் செய்யுங்கள். உங்கள் கணக்கில் ஒன்றும் வராவிட்டால் லோக்கல் ஃபோல்டர்ஸைத் தேர்ந்தெடுத்து மறுபடி தேடுங்கள்.

புளியரை:
ஒரு வருடம் மட்டும் மொத்தமாக இன்பாக்ஸில் இல்லை என்பதைப் பார்த்தால் ஆர்க்கைவ்ஸ் (பழைய மெயிலை ஒதுக்கி வைக்கும்) ஃபோல்டராக இருக்கலாம். மெயில் பட்டியலில் நிற்கும்போது கீபோர்டில் ஏ எழுத்தைத் தட்டினாலே தேர்ந்தெடுத்த மெயில் எல்லாம் அங்கே போய்விடும். உள்ளே 2020, 2021 என்று வருடவாரியாகப் பிரித்து வைக்கும். பக்கத்திலுள்ள அம்புக்குறியை அழுத்தி விரித்தால்தான் அந்த வருடங்கள் தெரியும்.

வாளையார் வண்டி:
அதற்கும் வாய்ப்பு இருக்கிறது. கிடைத்ததும் தேவையான மெயில்களைக் கன்ட்ரோல் பிடித்துத் தேர்ந்தெடுத்து ஒரே தடவை ஃபார்வர்டு செய்யுங்கள். ஒவ்வொரு மெயிலும் இணைப்பாகப் போகும். பிடிஎஃப் பில்லும் அதற்குள்ளேயே இருக்கும்.

சித்தூர் கணக்கு:
ஆர்க்கைவ்ஸ், 2021. எல்லாம் இருக்கிறது. அனுப்பிவிட்டேன், நன்றிங்க.

புளியரை:
மறுபடி அப்படிப் போகாமல் இருக்க அக்கவுண்ட் செட்டிங்ஸில் காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ் பக்கம் போய், கீப் மெசேஜ் ஆர்க்கைவ்ஸ் இன் என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள் அக்கா.

பழைய சர்வர்:
கணக்கு பாப்பா ஐமேப்பா என்று இன்னும் சொல்லவில்லையே?