ஆசிரியர், மாணவர், பெற்றோர் மூவருக்கும் உதவும் இணையத் தளங்கள் எவை?

கேள்வி: நடுநிலை வகுப்பு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கும் அறிவியலும் கற்பிக்கிறேன். கல்வித் தளங்களைத் தேடினால் பட்டியல்களுக்குக் குறைவில்லை. ஆனால் எது வகுப்பறைக்கு ஏற்றது, எதை மாணவர்கள் வீட்டில் தாமாகவே பயன்படுத்தலாம், எதைப் பெற்றோருக்கு நம்பிப் பரிந்துரைக்கலாம் என்று அவை பிரித்துச் சொல்வதில்லை. கட்டணமும் விளம்பரத் தொல்லையும் இல்லாத சில தளங்களை, நீங்கள் பயன்படுத்தும் முறையோடு சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். மாணவர்கள் பலரின் வீட்டில் இணையம் விட்டுவிட்டுத்தான் கிடைக்கிறது என்பதையும் கருத வேண்டுகிறேன்.

மறுமொழி: இயற்பியல் ஆசிரியர்

வணக்கம் அம்மா. அறிவியலுக்கு நான் முதலில் சொல்வது ஃபெட் (PhET) தளம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் இதன் பாவனைச் சோதனைகள் பல தமிழிலும் கிடைக்கின்றன.

இதைக் காட்சிப் பொருளாக மட்டும் காட்டினால் பயன் பாதிதான். மின்சுற்றுப் பாடத்தில், ஒரு மின்கலத்துடன் ஒரே மாதிரியான இரு விளக்குகளைத் தொடராக இணைக்கும் முன்பே, எது அதிகமாக ஒளிரும் என்று ஒவ்வொருவரையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்வேன். முதல் விளக்கு மின்னோட்டத்தைச் செலவழித்துவிடும், ஆகவே இரண்டாவது மங்கலாகத்தான் எரியும் என்று பலர் எழுதுவார்கள். திரையில் இரண்டும் ஒரே அளவில் ஒளிர்வதையும், மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைச் சுற்றின் எந்த இடத்தில் வைத்தாலும் ஒரே அளவு காட்டுவதையும் பார்க்கும்போது, அந்தத் தவறான எண்ணத்தை அவர்களே கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள்.

கணக்குக்கு, வடிவங்களைத் திரையில் வரைந்து அசைத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா (GeoGebra). ஒரு முக்கோணம் வரைந்து, அதன் உச்சியைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கோணங்கள் மாறிக்கொண்டே இருக்கும், கூட்டுத்தொகை மாறாது. சில நேரங்களில் திரையில் தெரியும் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180.01 என்று வரக்கூடும். அதை மறைக்க வேண்டாம். இரண்டு தசம இடங்களுக்குத் தோராயப்படுத்துவதால் வரும் வேறுபாடு அது என்பதை விளக்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

மறுமொழி: ஏழாம் வகுப்பு மாணவியின் தந்தை

பெற்றோர் என்ற முறையில், காணொளிப் பாடங்களும் பயிற்சிக் கணக்குகளும் உள்ள கான் அகாடமி தளத்தைப் பரிந்துரைக்கிறேன். இலாப நோக்கற்ற அமைப்பு நடத்துவது. பயிற்சிக் கணக்குகளுக்குக் கட்டணமில்லை. தளத்தில் பெற்றோரின் பயனர் கணக்கைப் பிள்ளையின் பயனர் கணக்கோடு இணைத்தால் எந்தப் பகுதியில் தடுமாறுகிறாள் என்று பார்க்கலாம். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காமல், தவறிய ஒரு கணக்கை எனக்குச் சொல்லித்தரும்படி கேட்பேன். காணொளியைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்தது போலத்தான் இருக்கும். விளக்கும்போதுதான் எந்தப் படியில் சிக்கல் என்று அவளுக்கே தெரிகிறது.

மறுமொழி: பள்ளி நூலகர்

இணையம் சரியாகக் கிடைக்காத வீடுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கிவிக்ஸ் என்னும் மென்பொருள் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாகப் பதிவிறக்கி, இணைப்பின்றிப் படிக்க உதவுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவும் அதில் உண்டு. கீழ் வகுப்புக் குழந்தைகளுக்கு, பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் பொருத்தமானது. அங்கே தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கதைகள், பிறர் நகலெடுத்துப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாவதால், எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டு அச்சிட்டுக் கொடுக்கத் தடையில்லை. மற்றத் தளங்களிலிருந்து எதையும் நகலெடுக்கும் முன் உரிமக் குறிப்பைப் படித்துவிடுங்கள். இலவசமாகப் படிக்கக் கிடைப்பதெல்லாம் நகலெடுத்துப் பகிரக்கூடியது அன்று.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இயற்பியல் ஆசிரியர் ஐயாவிடம் ஒரு ஐயம்: வகுப்பில் ஒரே ஒரு கணினிதான் இருக்கிறது. ஃபெட் சோதனைகளுக்கு அது போதுமா?

மறுமொழி: இயற்பியல் ஆசிரியர்

போதும் அம்மா. தேவையான சோதனைகளை முன்னதாகவே பதிவிறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பு நேரத்தில் இணையமும் வேண்டியதில்லை. ஒரு மாணவரைக் கணினியில் அமர்த்தி, அடுத்து எந்தக் கம்பியை எங்கே இணைப்பது என்பதை மற்றவர்கள் காரணத்தோடு சொல்லும்படி செய்யுங்கள். கணினியில் அமர்பவரைச் சோதனைக்குச் சோதனை மாற்றிவிடுங்கள்.